கோயில் மரத்தில் தொங்கிய பறி

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஊருக்கு ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். மீன் ஏலம் போடும் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்து, கையிலிருந்த பெரிய போனைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டாள். "பருவநிலை மாறிக்கிட்டு வருதுன்னு நீங்க நம்புறீங்களா?" என்பது முதல் கேள்வி. கொட்டகையே கை தூக்கியது. "மனுஷங்க செய்யறதுதான் அதுக்குக் காரணம்னு நம்புறீங்களா?" அதற்கும் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, கடல் ஊருக்குள் ஏறி வருவதையும், மழை காலம் தப்பிப் பெய்வதையும், முகத்துவாரம் மண்மூடிப் போவதையும் குரல் தழுதழுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பேசி முடித்து உட்கார்ந்தவர், டீ குடித்த பிளாஸ்டிக் கப்பைத் தோளுக்குப் பின்னால் ஏரியில் விட்டெறிந்தார். எறிந்தது அவருக்கே தெரிந்திருக்காது.

என்னையும் கேட்டாள். நான் கை தூக்கவில்லை. "நீங்க நம்பலையாம்மா?" என்றாள்.

"நம்பறதுக்கு இன்னாம்மா, காசா பணமா" என்றேன்.

அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் விழித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அந்தத் தூக்கிய கைகள்மேல்தான். அந்தக் கைகளை எனக்கு வெகுகாலமாகத் தெரியும். பருவநிலை என்ற சொல் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே, அவை இன்னொன்றுக்காகத் தூக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்காவும் நானும் சுண்ணாம்புக்குளத்துப் பெண்கள். எழுபதுகளில் இந்த ஊரில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம். அண்ணனுக்கு அவள், தம்பிக்கு நான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் மணல்மேட்டில் ஊர். நான் பத்தாவது வரை படித்தவள். அக்கா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவள். ஆனால் வாய் என்றால் அவளுக்குத்தான் வாய். மாமியார் வீட்டில் நான் பேசவேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஏரியில் மீன் கூடும் நல்ல இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்ட முடியாது. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை பிரிக்கும். பலம் உள்ளவனும் இல்லாதவனும் ஒன்றுபோல் பிழைக்கிற ஏற்பாடு என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள். மெச்சட்டும். சீட்டு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆண். அவன் செத்தால், மகன் தலையெடுத்த பிறகு மகனுக்கு வரும். மகள்தான் இருக்கிறாள் என்றால் ஒன்றும் வராது.

அக்காவின் வீட்டுக்காரர் ஓர் ஐப்பசிப் புயலில் கடலோடு போனார். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அக்காவுக்கு ஒரே மகள், பால் மறக்காத பிள்ளை. காரியம் முடிந்த கையோடு ஊர் கூடி அவர் சீட்டை எடுத்துவிட்டது. யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்த அண்ணன் பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வழக்கம் அதுதானே என்று இருந்துவிட்டார்.

எங்கள் அண்ணன் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்து கூப்பிட்டான். "எங்கூட வந்துடு. நம்ம ஊட்டுல ஒரு மூலைல இருந்துக்க."

"மூலைல இருக்கறதுக்கு நான் இன்னா தொடப்பமா" என்றாள் அக்கா.

அவள் ஏரியில் இறங்கினாள். எங்கள் சனத்தில் பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு போடுவார்கள், தண்ணீரில் இறங்கமாட்டார்கள். கையால் தடவி இறால் பிடிப்பது வேறு சனங்களின் தொழில் என்று பேச்சு. அக்கா அந்தப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மன் கோயிலுக்குப் பின்னால் உப்புத் தண்ணீரில் முளைக்கும் கண்டல் செடிகள் அடர்ந்த ஒரு துறை இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர், கீழே சேறும் பாசியும். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடியே இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போவாள். கையில் பட்ட இறாலைப் பறிக்குள் போடுவாள். உச்சிவெயில் முதுகில் காயும். கரையேறும்போது விரல்கள் ஊறி வெளுத்து, இறால் முள் குத்திய இடமெல்லாம் சிவந்திருக்கும். கணவன் துணை இல்லாத இன்னும் சில பெண்களும் அவளைப் பார்த்து இறங்கத் தொடங்கினார்கள்.

"இந்தச் சேத்துல இறா கீற வரைக்கும் நான் எவ வாசல்லயும் நிக்க வேணாம்" என்று என்னிடம் சொல்வாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு துறைதான். நான் சொல்லப்போகும் கதையில் மற்றவர்களுக்கு ஆயிரம் போக்கிடம் இருந்தது. அவளுக்கு அது ஒன்றுதான்.

எண்பதுகள் பிறந்த சமயத்தில் ஒரு வருடம் முகத்துவாரம் சுத்தமாக அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வர வழியில்லை. ஏரி சுண்டிச் சுண்டி, உப்பு கரித்து, மீன் செத்து மிதந்தது. நாற்றம் தாங்காமல் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்றது. அப்போது எல்லாருக்கும் ஏரிமேல் பக்தி பொங்கிவிட்டது. ஏரி நம்ம தாய், தாய் வயிற்றில் அடித்துவிட்டோம், அம்மன் கோபப்பட்டுவிட்டாள் என்று மூலைக்கு மூலை பேச்சு. பேசியவர்கள் யார்? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அடுப்பெரிக்கக் கண்டலை வெட்டிச் சாய்த்தவர்கள். லாரியில் வியாபாரி கொண்டுவந்த சின்னக்கண்ணி வலையைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியவர்கள். அந்த வலை கொசுவலை மாதிரி இருக்கும். அரிசி அளவு குஞ்சு இறாலைக்கூட விடாமல் வாரிவிடும். அதை யாரும் சமைத்துத் தின்ன முடியாது. வெயிலில் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அள்ளிக் கொடுக்கலாம். கோழி தின்பதற்காக ஒரு ஏரியின் பிள்ளைகளை வழித்தெடுத்தார்கள்.

அடுத்த மழையில் வெள்ளம் வந்து முகத்துவாரம் திறந்துகொண்டது. ஆனாலும் பழையபடி மீன் இல்லை. அந்த நேரத்தில்தான் நகரத்திலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். ஏதோ ஒரு சங்கத்துக்காரர். கோயில் மண்டபத்தைப் படுதா போட்டு இருட்டாக்கி, வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, அதில் படம் காட்டினார். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது அவர் வாயில்தான். குஞ்சு இறாலைப் பிடித்தால் நாளைக்கு இறால் ஏது என்றார். வயிற்றில் முட்டை சுமந்த சினை நண்டின் படத்தைக் காட்டி, "இவள் ஒரு தாய். இவளைப் பிடிப்பது பாவம்" என்றார். நல்ல குரல். பெண்கள் பக்கத்தில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், அவர் சொன்னது அத்தனையும் நியாயம்தான்.

மத்தியானம் ஊர்ப் பெரியவர் வீட்டில் சாப்பாடு. பெரியவர் என் மாமனாருக்கு அண்ணன். ஆகவே சமையல் எங்கள் தலையில் விழுந்தது. காலையில் வலையில் வந்த நண்டைப் பெரியவரின் மனைவி கூடையோடு கொண்டுவந்து வைத்தாள். பாதிக்குமேல் சினை நண்டு. நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அத்தே, இதத்தான் புடிக்கக் கூடாதுன்னு இப்ப படம் காட்டிகினு இருந்தாரு" என்றேன்.

"படம் காட்டனவருக்கு வேற இன்னாத்தப் போடறது? சினை நண்டுதான ருசி. வாயாடாம மொளகா அரை" என்றாள் அத்தை.

பேச்சாளர் வாழையிலை முன்னால் உட்கார்ந்து ஓட்டை உடைத்தார். உள்ளே செக்கச் செவேலென்று சினை. "அடடா, இது என்னங்க, இவ்வளவு ருசியா இருக்கு" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, முகத்தை ஒன்றும் அறியாதவள் மாதிரி வைத்துக்கொண்டு, "அது தாய்ங்க, அதான் ருசி" என்றாள். அவருக்கு உறைக்கவே இல்லை. இன்னொன்று கேட்டு வாங்கினார். ஜீப்பில் ஏறும்போது வீட்டுக்கும் கொஞ்சம் கட்டித் தரச் சொன்னார். நான்தான் கட்டினேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கோபத்தில் கயிற்றை இழுத்து முடிந்த வேகத்தில் பொட்டலம் கிழிந்து, மறுபடியும் வேறு இலையில் கட்டவேண்டியதாயிற்று.

அவர் போன சூட்டில் ஊர் கூடியது. இனிமேல் சின்னக்கண்ணி வலை போடுவதில்லை, கண்டல் வெட்டுவதில்லை, கோயில் துறையில் குஞ்சு வளரும் இடத்தில் யாரும் வலை இழுப்பதில்லை என்று தீர்மானம். எல்லாரும் கை தூக்கினார்கள். வெறும் கை தூக்கினால் போதாது என்று அம்மன் முன்னால் சத்தியம் வைத்தார்கள். ஒவ்வொரு தலைக்கட்டாக வந்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டுப் போகவேண்டும். எங்கள் ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. அதை மீறினால் வம்சம் தழைக்காது என்று நம்பிக்கை. என் வீட்டுக்காரர் அணைத்துவிட்டு வந்து உள்ளங்கையை என்னிடம் காட்டினார். லேசாகக் கருகியிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெண்களை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் கோயிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். தலைக்கட்டு இல்லாதவர்களுக்குச் சத்தியம் எதற்கு?

உள்ளங்கைப் புண் ஆறும்வரை சத்தியம் நின்றது. அதற்குப் பிறகு ஒருவர் வாசலில் பாய் விரித்துக் குஞ்சு இறால் காய்ந்தது. கேட்டதற்கு, ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்தது என்றார். அப்புறம் இரண்டு வாசல். அப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வாசலிலும் பாய் விரித்தாகிவிட்டது. எங்கள் வாசலில் விரித்த அன்றைக்கு வீட்டுக்காரரிடம் நான் கேட்டேன். "எல்லாரும் போடறாங்க, நாம மட்டும் பட்டினி கெடக்கணுமா" என்றார். ஆனால் சாயங்காலம் கோயில் முன்னால் கூடி உட்கார்ந்தால் அதே பேச்சுதான். ஏரி தாய், குஞ்சு பாவம், அம்மன் கண்ணைக் குத்துவாள். இவர்கள் நடித்தார்கள் என்று சொன்னால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். நடிக்கவில்லை. மெய்யாகவே நம்பினார்கள். நம்பிக்கை ஒரு வழியிலும் கை இன்னொரு வழியிலும் போனது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

மீன் குறைந்துகொண்டே வந்தது. சத்தியம் பண்ணியும் குறைகிறதே, யார் காரணம் என்று ஒரு கேள்வி வந்தது. ஊர் கூடி யோசித்தது. வலை போடுகிறவர்கள் எல்லாரும் கூட்டத்தில் இருந்தார்கள். கூட்டத்தில் இல்லாதவர்கள் யார் என்று பார்த்தார்கள்.

கோயில் துறையில் பெண்கள் இறங்கிச் சேற்றைக் கலக்குவதால்தான் குஞ்சு தங்கவில்லை என்று முடிவு செய்தார்கள். இனிமேல் யாரும் கையால் தடவக் கூடாது. மீறினால் பறியைப் பிடுங்கிக் கோயில் மரத்தில் தொங்கவிடுவது. பார்க்கிறவர்களுக்குப் புத்தி வருமாம்.

மறுநாள் பகலில் பெரியவரும் என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் துறைக்குப் போனார்கள். விஷயம் கேள்விப்பட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். தெருவில் வாசலுக்கு வாசல் பாய், பாய் நிறையக் குஞ்சு இறால். அதில் கால் படாமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். அந்தக் குஞ்சுகள்மேல் அவர்கள் இரக்கம் காட்டியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா பறியைக் கவ்வியபடி தண்ணீரில் இருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, வாயிலிருந்து பறியை எடுத்தாள்.

"அண்ணி, ஊர்ல கட்டுப்பாடு போட்டாச்சு. இனிமே இங்க எறங்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"எந்த ஊர்ல?"

"இன்னா அண்ணி, நம்ம ஊர்லதான்."

"நம்ம ஊர்ல எனக்குச் சீட்டு கெடையாதுன்னு சொன்னீங்க. சீட்டு இல்லாதவளுக்குக் கட்டுப்பாடு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

பெரியவர் பொறுமையாகத்தான் பேசினார். "குஞ்சு வளர்ற எடம்மா இது. நீங்க மெதிச்சிக் கலக்கினா அது எங்க போயி வளரும்? அம்மன் முன்னால சத்தியம் பண்ணிக் கீறோம்."

"நீங்க பண்ணீங்க மாமா. என்னை எவன் கூப்ட்டான்?" அக்கா கையை விரித்து நீட்டினாள். "பாருங்க. இந்த வெரலுக்குக் குஞ்சு ஆப்டுமா? வெரல் தண்டி இருந்தாத்தான் கைல தட்டும். குஞ்சு எங்க போச்சுன்னு தெரியணும்னா உங்க ஊட்டு வாசல்ல போயிப் பாருங்க."

பின்னால் நின்ற ஒருவர், "ஆம்பள இல்லாத ஊடு, வாய் ஏறிப் போச்சு" என்றார். என் வீட்டுக்காரர் காதிலும் அது விழுந்தது. தண்ணீரில் இறங்கிப் போய், "குடுங்க அண்ணி" என்று பறியை வாங்கினார். உள்ளே இருந்த இறாலை அவள் மடியில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறும் பறியை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாத மனிதர். இத்தனை வருடம் கழித்தும் அந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

பறி பூவரச மரத்தில் தொங்கியது. மற்றப் பெண்கள் பயந்துபோய் அடுத்த நாளிலிருந்து துறைப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "உன் வலைய எப்ப நிறுத்துவ?"

"நான் ஒருத்தன் நிறுத்திட்டா ஏரி நெறைஞ்சிடுமா?" என்றார்.

"அவ ஒருத்தி தடவினா ஏரி காலியாயிடுமா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. நான் காத்திருந்தேன். ஒரு நல்ல வார்த்தை வந்திருந்தால் அன்றைக்கே என் கோபம் இறங்கியிருக்கும். "ஊர் முடிவு. எங்கிட்ட இன்னாத்துக்குப் பேஜார் பண்ற" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிசைந்தார்.

மறுநாள் காலையில் அவர் டீ குடிக்கப் போனதும், கொல்லையில் உலர்த்தியிருந்த சின்னக்கண்ணி வலையை உருவினேன். தனியாளாகத் தூக்க முடியாத பாரம். இழுத்துக்கொண்டே தெருவோடு போனேன். வாசல் பாய்களின்மேல் வலை உரசி, காய்ந்த குஞ்செல்லாம் மண்ணில் சிதறியது. ஒதுங்கி நடக்க எனக்குப் பொறுமை இல்லை. பின்னால் வசவு கேட்டது. கேட்கட்டும் என்று போனேன். பூவரச மரத்தில் அக்காவின் பறிக்குப் பக்கத்துக் கிளையில் வலையைத் தூக்கிப் போட்டேன். பாதி மேலே தொங்க, பாதி தரையில் கிடந்தது.

ஊரே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் கை ஓங்கவில்லை, அவ்வளவு பேர் பார்க்கிறார்களே. பெரியவர் வந்து மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"சத்தியத்த மீறனா மரத்துல தொங்கவிடணும்னு நீங்கதான மாமா சொன்னீங்க. சத்தியம் பண்ணாதவளோடது தொங்குது. பண்ணவங்களோடதும் தொங்கட்டும். எங்கூட்டு வலை மொதல்ல. மத்தவங்களும் கொண்டாந்து போடுங்க."

கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அம்மன் எதிரில், பகல் வெளிச்சத்தில், இத்தனை பேருக்கும் உறைத்துவிட்டது என்று நினைத்தேன். பெரியவர்கூட ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். "அந்தப் பொண்ணு சொல்றதுலயும் நாயம் கீது. வெள்ளிக்கெழம ஊரக் கூட்டிப் பேசிக்கலாம். அதுவரைக்கும் ரெண்டும் மரத்துலயே இருக்கட்டும்" என்றார். எல்லாரும் சரி என்றார்கள். கை தூக்கத்தான் இல்லை.

அடுத்த நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். வலை இல்லை. பறி மட்டும் அதே கிளையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. திருவிழா வேலை வந்துவிட்டதாம். தோளில் சின்னக்கண்ணி வலையோடு ஏரிக்குப் போகிறவர்கள், கோயிலைத் தாண்டும்போது நின்று, அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் தலைக்குமேல் அக்காவின் பறி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சீரியல் லைட் கட்ட வந்தவன் அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கட்டினான். அவிழ்த்து எறிய அவனுக்கும் பயம். ஊர்க் கட்டுப்பாடு அல்லவா.

அக்கா சில வாரம் மீன் வாங்கித் தலைச்சுமையாகப் பழவேற்காட்டுக்கு விற்கப் போய்ப் பார்த்தாள். நல்ல மீனை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. எதிர்த்துப் பேசியவள் என்று பெயர் வந்துவிட்டது. என்னோடு வந்து இரு என்று கெஞ்சினேன்.

"வேணாம். உங்கூட்டுச் சோறு எந்த வலைல வருதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அதே சோற்றைத்தான் நான் தினமும் தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணனுக்கு அவளே ஆள் அனுப்பினாள். எந்த மூலைக்குப் போகமாட்டேன் என்றாளோ அதே மூலைக்குப் போகப் புறப்பட்டாள். கிளம்புகிற அன்றைக்குப் பூவரச மரத்திலிருந்து பறியை அவிழ்த்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "இன்னாத்துக்கு? அங்க எனக்கு ஏது துறை" என்றாள். துணிமூட்டையும் ஒரு தவலையும் மகளும்தான் அவள் சாமான். நான் அவளைக் கொண்டுபோய் விட்டுவர கூடவே படகில் ஏறினேன். அப்போது சுண்ணாம்புக்குளம் போக எங்களுக்குப் படகுதான் வசதி.

படகு கோயில் துறையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கண்டல் செடிகளைத் தாண்டித் திரும்பியதும் பார்த்தேன். துறைக்கு நடுவில், அக்காவை இறங்கக் கூடாது என்று சொன்ன அதே சேற்றில், இடுப்புத் துணியோடு நான்கைந்து பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னக்கண்ணி வலை. முன்னால் கயிற்றைப் பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர்.

எங்களைப் பார்த்ததும் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் திருப்பவில்லை. தவறு செய்கிற முகமே இல்லை அவருக்கு. கயிற்றை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, வழியனுப்புகிறவர் மாதிரி இன்னொரு கையைத் தூக்கினார். கற்பூரத்தை அணைத்த கை.

"பாத்துப் போங்க அண்ணி" என்றார்.

என் நாக்கில் வந்ததை எழுதினால் அச்சில் ஏறாது. எழுந்து நின்றுவிட்டேன், படகு ஆடியது. அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தண்ணீருக்கடியில் வலை போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேற்றில் அவள் கை தடவாத இடம் கிடையாது.

"எடது கைப் பக்கம் கண்டல் வேரு கீது. வலை மாட்டிக்கும். தள்ளி இழு" என்றாள்.

அவர் சரி அண்ணி என்று சொல்லி, தள்ளி இழுத்தார்.